தன் நூலைத் தானே சொல்லும் எழுத்தாளன்

நூல் இயற்றியவன் தன் நூலைத் தானே புகழ்தல் ஆகாது என்பது நம் முன்னோர் வகுத்த முறை. பாயிரம் பாடுவதற்கென்று ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் எனப் பிறரையே அவர்கள் குறித்துவைத்தனர். எத்துணை அரிய நூலை ஆக்கினாலும் தற்புகழ்ச்சி தகுதியன்று என்று நன்னூல் கண்டிப்பாகக் கூறுகிறது. ஆயினும் பவணந்தி முனிவர் உலகியல் அறிந்தவர். அதையடுத்தே நான்கு விலக்குகளையும் அளித்துவிட்டார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் தன்னைத் தான் புகழ்வது குற்றமாகாது.

இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் சித்திரக் கதை எழுதுவோரை மனத்தில் கொண்டே எழுதப்பட்டனவோ என்று நமக்குச் சில வேளை தோன்றும். கவிஞனையும் நாவலாசிரியனையும் அறிமுகம் செய்யத் திறனாய்வாளர் உண்டு, கல்லூரி உண்டு, பரிசளிக்கும் மன்றங்கள் உண்டு. சித்திரக் கதைக்காரனுக்கு நெடுங்காலம் இவற்றுள் ஒன்றுமே வாய்க்கவில்லை. வாய்த்தது பழி. சித்திரக் கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் 1954-இல் ஒரு நூலே எழுதினார். அவ்வாண்டு அந்நாட்டுச் செனட் குழுவும் இதனை விசாரித்தது. பாடப் புத்தகத்துக்குள் சித்திரக் கதையை மறைத்து வைத்துப் பிடிபட்ட நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, இன்றைய புத்தகக் காட்சியில் புதிய சித்திர நாவலை மேசைமேல் அடுக்கி, அதை எழுதியவரே பின்னால் நின்று, வருவோர் போவோரிடம் பக்கம் புரட்டிக் காட்டி விளக்குவதைக் கண்டால் நாம் முகம் சுளிப்பதற்கில்லை. அந்த மேசைக்கு நீண்ட வரலாறு உண்டு.

வில் ஐஸ்னர் என்பார் நியூயார்க்கில் குடியேறிய யூதப் பெற்றோர்க்கு 1917-இல் பிறந்தவர். இளமை முதல் சித்திரக் கதையே அவர் தொழில். தம் அறுபதாம் வயதை ஒட்டிய காலத்தில், தாம் வளர்ந்த பிராங்க்ஸ் பகுதியின் நெருக்கடியான குடியிருப்பு ஒன்றையும், அங்கே வாழ்ந்த ஏழை மக்களையும் பொருளாகக் கொண்டு நான்கு கதைகளை வரைந்தார். மாயவீரர் எவரும் அவற்றில் இல்லை. மகளை இழந்த ஒருவன் கடவுளோடு வழக்காடுவதே முதற்கதை. பெரிய பதிப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, 'சித்திரக் கதை' என்றால் கருவியை வைத்துவிடுவாரே என்றஞ்சி, 'இது ஒரு சித்திர நாவல்' என்று தம் வாயில் வந்துவிட்டதாக ஐஸ்னரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அச்சொல்லை அவருக்கு முன்பே சிலர் வழங்கியதுண்டு; ஆனால் அதை ஊரறியச் செய்தது அவருடைய நூலே. பெரிய பதிப்பாளர் நேரில் பார்த்ததும் இது சித்திரக் கதைதானே என்று மறுத்துவிட்டார். 1978-இல் ஒரு சிறு பதிப்பகம் 'கடவுளோடு ஓர் ஒப்பந்தம்' என்னும் அந்நூலை வெளியிட்டது.

வெளியிட்டால் மட்டும் போதுமா? நியூயார்க் புத்தகக் கடை ஒன்றில் நேர்ந்ததையும் ஐஸ்னர் நகைச்சுவையோடு கூறுவார். முதலில் முன்வரிசையில் வைத்தார்களாம்; நன்றாகவே விற்றதாம். பின்னர் பெயரில் கடவுள் இருக்கக் கண்டு சமய நூல்களோடு சேர்த்தனர். அங்கே ஒருவர் முறையிடவே, நகைச்சுவை நூல்களின் வரிசைக்கு மாற்றினர். அங்கும் புகார் எழுந்தது. முடிவில் எங்கே வைப்பதென்று தெரியாமல் பெட்டியில் போட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள். நூலுக்கு இடம் எது என்று கடைக்காரர்க்கே தெரியாதபோது, அதைச் சொல்ல எழுதியவனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

நம் நாட்டில் இக்கலையைச் சொல்லி விற்ற பெருமகனார் அனந்த் பை. 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையில் அவருடைய 'கிருஷ்ணா' என்னும் இதழின் எண் பதினொன்று. முதல் பத்து எங்கே என்று பலர் வியப்பதுண்டு. அவை மேலைநாட்டுக் கதைகளின் கன்னட வடிவங்கள். கோலாரிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர் இதனைக் கேட்டு மகிழலாம். இந்தியச் சித்திரக் கதையின் பெருவரிசை ஒன்று கன்னடத்தில்தான் கண்விழித்தது. அதை விற்பதற்குப் பை பட்டபாடு சிறிதன்று. கடைகளை மட்டும் நம்பாமல் பள்ளிகளை நாடினார். கல்விக்குச் சித்திரக் கதை எவ்வாறு உதவும் என்பது குறித்து 1978-இல் புதுதில்லியில் ஒரு கருத்தரங்கே நடந்தது. பழித்தவர் கூடும் அவைக்கே சென்று வழக்காடினார் எனலாம்.

தமிழுக்கு வருவோம். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வெளிவந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்னும் வார இதழில் 1962 முதல் வந்த கதை அது. வரைந்தவர் ஹேசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர். அதன் ஆங்கிலப் பெயர் எஃகு நகத்தைச் சொல்கிறதேயன்றி, நாயகன் கண்ணுக்குப் புலப்படாமல் மறைவதைச் சொல்லவில்லை. தமிழாக்கியவரோ நகத்தைக் கையாக்கி, பக்கத்தில் 'மாயாவி'யை நிறுத்திவிட்டார். கதையின் உயிரே தலைப்பில் வந்து அமர்ந்துவிட்டது. அலுவலகக் கோப்புகளைப் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்துவரும் நாம், அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் பொறாமை கொள்கிறோம்.

1984-இல் அதே சிவகாசியில் லயன் காமிக்ஸைத் தொடங்கியவர் எஸ். விஜயன். அப்போது அவர் பள்ளிப் பருவம் தாண்டிய இளைஞர். இதழ்தோறும் கதைக்கு முன் அவர் வாசகர்க்கு ஒரு கடிதம் எழுதுவார். அடுத்து வருவது எது, ஏன் தாமதம், அச்சில் நேர்ந்த பிழை யாது, இந்தக் கதையை ஏன் தேர்ந்தார் என்பனவெல்லாம் அதில் இருக்கும். கதையைப் படிக்குமுன் அக்கடிதத்தைப் படிப்போர் உண்டு, நாமும் அவ்வாறே. ஜான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜிய நெடுங்கதை 'இரத்தப் படல'மாகத் தமிழில் பதினெட்டுப் பாகங்களும் ஒரே தொகுப்பில் 2010-இல் வந்தது. முன்பதிவு செய்த வாசகரை நம்பியே அச்சேறிய நூல் அது. கண்ணால் காணாத புத்தகத்துக்குப் பணம் அனுப்ப மக்களை இணங்கவைத்தது அந்தக் கடிதங்களே.

இது தங்கவயலுக்குப் புதிதன்று. 1880-இல் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே கால்வைத்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழரே சுரங்கத்தில் பெரும்பாலும் இறங்கினர். மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளில் வாழ்ந்த அத்தொழிலாளர் நூல் வளர்த்த வரலாறு வியப்புக்குரியது. 1907-இல் சென்னையில் அயோத்திதாச பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கியபோது, அதைத் தாங்கிய வலிய தூண்களுள் ஒன்று கோலார் தங்கவயல். பண்டிதர் 1914-இல் மறைந்த பின், அவர் எழுத்துகளை இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை நூலாக்கியது. ஜி. அப்பாதுரையார் 1920-களில் 'தமிழன்' இதழை இவ்வூரிலிருந்தே மீண்டும் நடத்தினார். அந்நூல்களுக்கும் புத்தகக் கடையில் இடமில்லை. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதாலும், கையிலிருந்து கைக்கு மாறுவதாலுமே அவை வழங்கின.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சங்கொலி நின்றது. சயனைடு மண்மலைகளும் லைன் வீடுகளும் எஞ்சின. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் இளைஞர் பெங்களூர் சென்று இரவு திரும்புகின்றனர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுள் பலர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் படிக்கின்றனர். தமிழ் எழுத்து அவர்க்குக் கோலம்போல் தெரிகிறது. பிராங்க்ஸின் ஒற்றைக் குடியிருப்பிலிருந்து ஐஸ்னர் ஒரு நூலைத் தோண்டி எடுத்தாரெனில், மூன்று கிலோமீட்டர் ஆழம் கண்ட இவ்வூரில் எத்தனை கிடக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஒரு நாள் அத்தகைய நூல் வந்து, அதை எழுதியவர் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் மேசை போட்டால், அதை எடுத்துப் படிக்க யார் இருப்பார்கள் என்பதே நம் கவலை.

சென்ற விடுமுறையில் ஊர்காமில் தமக்கை வீட்டில் தங்கியிருந்தபோது, பழைய பெட்டியிலிருந்து இரும்புக்கை மாயாவி இதழொன்று கிடைத்தது. மேலட்டை இல்லை, ஓரமெல்லாம் கரையான். ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மருமகன் அதைப் பறித்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்து முடித்தான். மின்கம்பியை நாயகன் பற்றும் கட்டம் வந்ததும் நின்றான்.

"மாமா, உடம்பு மறைஞ்சு போச்சு, கை மட்டும் தெரியுது. அவன் என்ன சொல்றான்?"

நாம் படித்துக் காட்டினோம். அடுத்த கட்டத்துக்கும் கேட்டான், படித்தோம். மூன்றாவது கட்டத்தில் நாம் வேண்டுமென்றே காப்பி குடிக்கத் தொடங்கினோம். சிறிது நேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் தன் பாட்டியிடம் புத்தகத்தைக் கொண்டுபோய், "இது 'மா'தானே?" என்று விரலை வைத்துக் கேட்டான்.