இரண்டு வாசல், இரண்டு காவல்

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட ‘பரம் பொருள்’ 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்ட சூப்பர் கம்ப்யூட்டர். இத்தகைய கிளஸ்டர்களில் யார் வேலை எப்போது ஓடும் என்பதை ஸ்லர்ம் என்ற மென்பொருள் முடிவு செய்கிறது. வேலை சமர்ப்பிக்கப்படும் நேரத்தில் நிர்வாகி தன் சொந்த ஸ்கிரிப்டை ஓடவிட அதில் இரண்டு வழிகள் உண்டு: சி.எல்.ஐ. ஃபில்டர், ஜாப் சப்மிட். இரண்டையும் லுவா மொழியில் எழுதலாம். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தை மலையில் ஒருமுறை, ஃபாக்டரியில் ஒருமுறை நிறுப்பதுபோல, இவை சோதிக்கும் இடம்தான் வேறு.

சி.எல்.ஐ. ஃபில்டர் பயனரின் பக்கத்தில், வேலையைச் சமர்ப்பிக்கும் எஸ்-பேட்ச் கட்டளைக்குள்ளேயே ஓடும். சற்றுத் தாமதித்தாலும் காத்திருப்பவர் அந்த ஒருவர்தான். ஆனால் பயனரின் உரிமையில் ஓடுவதால், விவரம் தெரிந்தவர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ரெஸ்ட் ஏ.பி.ஐ. வழியே வரும் வேலைகள் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

ஜாப் சப்மிட் தலைமை நிரலான ஸ்லர்ம்-சி.டி.எல்.டி.க்குள் ஓடும். எந்த வழியில் வந்தாலும் வேலை அதைக் கடந்தாக வேண்டும். இந்த உறுதிக்கு விலை உண்டு. ஸ்கிரிப்ட் முடியும்வரை வேலைப் பட்டியல் பூட்டப்பட்டிருக்கும். ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து, வேலைப் பட்டியலைக் காட்டும் எஸ்-கியூ கட்டளையை அழைத்தால், பதில் சொல்ல வேண்டிய நிரலே அந்தப் பூட்டுக்காகக் காத்துக் கிடக்கும். மற்றவர்களின் வேலைகளும் அதோடு தேங்கும்.

பிழையின் பரப்பும் இங்கே பெரிது. மூன்று நாளுக்கு, அதாவது 4320 நிமிடத்துக்கு மேல் கேட்கும் வேலையைத் தடுக்க ஒரு வரி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேரமே குறிப்பிடாத வேலையில் நேர வரம்புப் புலத்தின் மதிப்பு 4294967294. ‘குறிப்பிடவில்லை’ என்பதற்கான அடையாள எண் அது. இதைத் தனியாகக் கவனிக்காவிட்டால், நேரம் போடாதவர்கள் எல்லாருடைய வேலையும் திரும்பிவிடும். சமர்ப்பித்த பிறகு பார்ட்டிஷனை, அதாவது வேலை ஓடும் கணினிக் குழுவை, மாற்றுகிறவர்களைப் பிடிக்க, மாற்றத்துக்கான தனிச் சார்பையும் எழுத வேண்டும்.

ஆகவே மீறக் கூடாத விதிகளை, சுருக்கமாக, ஜாப் சப்மிட்டில் வையுங்கள். நினைவூட்டல், இயல்பு மதிப்பு, நேரம் பிடிக்கும் சோதனை ஆகியவற்றை சி.எல்.ஐ. ஃபில்டருக்கு விட்டுவிடலாம். எதை எங்கே வைப்பது என்று தடுமாறினால் ஒரு கேள்வி போதும்: இதை ஒருவர் தாண்டிப் போனால் மற்றவர்களுக்கு நஷ்டமா? ஆம் என்றால் அது ஜாப் சப்மிட்டில்தான் இருக்க வேண்டும்.