வன்னியில் மாற்றுவலுவுள்ளோரும் இலவச மருத்துவமும்

இலங்கையின் சுகாதார வரலாற்றை எழுதுவோர் இலவச மருத்துவத்தை அதன் தலையாய சாதனையாகக் கொள்வர். அரச வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் அறவிடத் தொடங்கிய 25 சதமும் 1977இல் கைவிடப்பட்டது. ஏழைக்கும் செல்வர்க்கும் மருத்துவத்தைப் பொதுவாக்கிய இவ்வேற்பாட்டின் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயினும், கட்டணமின்மை மட்டுமே நீதியாகிவிடுமா என்னும் வினாவை வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாறு எழுப்புகின்றது.

குளங்களையும் வயல்களையும் சார்ந்து சிதறிக்கிடக்கும் குடியிருப்புக்களே வன்னியின் இயல்பு. 2,617 சதுர கிலோமீற்றர் பரப்புடைய முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 92,000 மக்களே வாழ்ந்தனர். இத்தகைய நிலத்தில் மருத்துவத்தைப் பெறுவதென்பது முதலில் தூரத்தைக் கடப்பதேயாகும். நடக்க வல்லவர்க்கு அது சிரமம். காலிழந்தவர்க்கோ அதுவே தடை. பேருந்தின் படியில் ஏறமுடியாதவர் வாடகை வாகனத்தை நாடவேண்டும். உடன் செல்பவர் தமது நாட்கூலியை இழக்கவேண்டும். வைத்தியம் இலவசமாயினும் வைத்தியசாலைக்குச் செல்லும் வழி இலவசமன்று.

போர் இத்தடையைப் பன்மடங்காக்கியது. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுமக்கள் செல்லும் எவ்விடத்திற்கும் செல்ல அவர்களுக்குள்ள உரிமையை அதன் 23ஆம் பிரிவு கூறிற்று. அதே ஆண்டிலேயே கிளிநொச்சி போர்க்களமாகி, மக்கள் காடுகளை நோக்கி இடம்பெயர்ந்தனர். சட்டம் பிறந்த வேளையில் வன்னி அதன் கைக்கெட்டாத நிலமாயிருந்தது.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியவை செயற்கைக் கால் நிலையங்களாகும். இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1968இல் உருவாகிய றப்பர்ப் பாதம், செருப்பின்றி நடக்கவும் குந்தியிருக்கவும் சேற்றில் இறங்கவும் ஏற்றதாதலின், உழவர் வாழ்வுக்குப் பொருந்திற்று. யாழ்ப்பாணத்தில் 1987இல் அதற்கென ஒரு நிலையம் தோன்றியது. பின்னர் கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் செயற்கைக் கால்களைச் செய்து வழங்கியது. போரின் இறுதிக்கட்டத்தில் அத்தகைய ஏற்பாடுகளும் சிதைந்தன. 2009 பெப்ரவரி முதல் மே வரை காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாகவே வெளியேற்ற நேர்ந்தது.

2010இல் வவுனியா மெனிக் பாம் முகாமில் இந்திய அரசின் உதவியுடன் 1,400 பேருக்குச் செயற்கை உறுப்புக்கள் பொருத்தப்பட்டன. இது போற்றத்தக்க பணியே. எனினும், செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்து முடிக்கும் பொருளன்று. அது தேயும், எஞ்சிய உறுப்பின் அளவு மாறும், வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மாற்றவேண்டும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் நிலை இதனினும் கடிது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் நாள்தோறும் கவனிப்பை வேண்டுவன. மாங்குளத்தில் அத்தகையோர்க்கென உயிரிழை என்னும் அமைப்பு தோன்றியமை, அரச சேவை எட்டாத இடத்தைத் துன்புற்றோரே நிரப்ப முனைந்ததன் சான்றாகும்.

இதற்கிடையே சட்டமும் வளர்ந்தது. கட்டடங்களை யாவரும் அணுகத்தக்கனவாக்கும் ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாயின. கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் அவற்றை வலியுறுத்தியது. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் சமவாயமோ இன்னும் ஒருபடி மேற்சென்று, சுகாதார சேவை கிராமப் புறங்களிலும் மக்களின் வாழிடத்துக்கு இயன்றவரை அண்மையில் அமையவேண்டும் என அதன் 25ஆம் உறுப்புரையில் விதிக்கின்றது. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியுடன் அமைந்த புனர்வாழ்வு சிகிச்சைப் பிரிவு 2024 மே மாதத்தில் திறக்கப்பட்டமை இவ்வழியிலான முக்கிய படியாகும். கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் அவ்விடம் வன்னியின் நடுவில் உள்ளது. எனினும், அங்கிருந்து முல்லைத்தீவுக் கரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது.

ஆகவே, போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளின் பின்னரே மருத்துவம் அவர்களது நிலத்தின் நடுவை அடைந்தது. வாசலை இன்னும் அடையவில்லை. யாவர்க்கும் கதவு திறந்திருப்பது சமத்துவத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. ஏறத்தக்க பேருந்து, ஊருக்கு வரும் நடமாடும் சிகிச்சை, செயற்கை உறுப்பைப் புதுப்பிக்கும் நிலையான ஏற்பாடு ஆகியன மருத்துவத்தின் புறத்தே நிற்கும் சலுகைகள் அல்ல, மருத்துவத்தின் பகுதிகளே. அவ்வாறு அரசும் சமூகமும் கொள்ளும்போதுதான் 1951இல் நீக்கப்பட்ட கட்டணம் வன்னியின் மாற்றுவலுவுள்ளோர்க்கும் முழுமையாக நீங்கியதாகும்.