சாலிகிராமத்து வீடு

சென்னை சாலிகிராமத்தில் உள்ள அந்த வீட்டைக் கட்டத் தொடங்கியதே படம்பிடிப்பதற்காகத்தான். ஆனால் அதற்கு அத்திவாரம் விழுந்தது எங்கள் கிழக்கு மாகாணத்தில், மட்டக்களப்பு அமிர்தகழியில். 1939இல் அங்கே பிறந்தவர் பாலு மகேந்திரா. தன்னோடு சிரித்து விளையாடிய அம்மா, வீடு கட்டத் தொடங்கியதும் ஆளே மாறிப்போனதை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நினைவு அவரோடு பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போய், கன்னடம், மலையாளம் என்று பல மொழிப் படங்களைச் சுற்றி, கடைசியில் சாலிகிராமத்து மனையில் வந்து இறங்கியது.

செட் போடாமல் உண்மையாகவே வீடு கட்டி, சுவர் எழும்ப எழும்பப் படம்பிடித்தார். 1988இல் வெளிவந்த 'வீடு' அப்படி உருவான படம். வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொன்னதால் சொந்த வீட்டுக்கு ஆசைப்படும் சம்பளக்காரப் பெண் சுதாவாக அர்ச்சனா நடித்தார். கடன், கையூட்டு, சீமெந்தைத் திருடி விற்கும் கொந்துராத்துக்காரர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. திருட்டைத் தட்டிக் கேட்பவர் சித்தாள் மங்கம்மா. சுதாவின் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், குடையோடு தனியே வந்து, பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. தமிழ்ச் சினிமாவில் அதற்கு நிகராக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. வீடு முடியுமுன் தாத்தா இறந்துபோகிறார். சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த நடிகைக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன.

இதே தொல்லையை அமெரிக்கர்கள் சிரிப்புப் படமாக்கினார்கள். 1986இல் டொம் ஹாங்ஸ் நடித்த 'த மனி பிட்' படத்தில் குளியல் தொட்டி தளத்தை உடைத்துக்கொண்டு கீழே விழும். எப்போது முடியும் என்று கேட்டால் வேலைக்காரர்கள் "இரண்டு கிழமை" என்பார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்த படம். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருப்பவர்களின் கதை என்பதால் சிரிக்க முடிகிறது.

திருகோணமலையில் 'வீடு' படத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுனாமியில் முற்றாக இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டக் கிடைத்த உதவி 250,000 ரூபாய். பின்னர் வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 550,000 ரூபாய். இரண்டும் தவணைப் பணம். ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த தவணை வரும். தவணை வரும்வரை மேசன் காத்திருக்கமாட்டார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், திரும்பி வருவதற்குள் சாமான் விலை ஏறிவிடும். 2021இல் ஆயிரம் ரூபாய்ச் சொச்சமாக இருந்த சீமெந்து மூட்டை 2022இல் 3,000 ரூபாயைத் தொட்டது. கூரை ஏறாமல் நின்ற வீடுகளுக்குள் தகரமும் தறப்பாளும் போட்டுக் குடியிருந்தவர்கள் சுதாவின் சொந்தக்காரர்களேதான்.

படத்தில் அந்த வீடு முடிவதில்லை. நிலம் தங்களுடையது என்று குடிநீர் வாரியம் வந்து நிற்க, சுதா நீதிமன்றப் படியேறுகிறாள். சாலிகிராமத்தில் எழுந்த வீடு முடிந்தது. அதிலேதான் பாலு மகேந்திரா பின்னாளில் 'சினிமா பட்டறை' என்ற பள்ளியை வைத்து, 2014இல் காலமாகும்வரை இளைஞர்களுக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தார்.