அமெரிக்காவில் தோற்ற போர், சேலத்துக்கு வந்த பட்டா

தாலுகா ஆபீஸ்ல வருஷா வருஷம் மே, ஜூன் மாசம் ஜமாபந்தி நடக்கும், பாத்திருப்பீங்க. கலெக்டரோ ஆர்டிஓவோ உட்கார்ந்து ஊர் ஊரா கணக்கு பாப்பாங்க. வெளியே பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன்னு மனுவோட கூட்டம் நிக்கும். இந்த ஜமாபந்திக்கும் அமெரிக்க சுதந்திரப் போருக்கும் தொடர்பு இருக்குன்னா நம்புவீங்களா? நடுவுல ஒரு ஸ்காட்லாந்து சிப்பாய் இருக்கார். கொஞ்சம் நீளமான திரி, டீயோட உட்காருங்க.

1781 அக்டோபர், அமெரிக்காவில் யார்க்டவுன். கார்ன்வாலிஸ் தலைமையிலான பிரிட்டிஷ் படை வாஷிங்டனிடம் சரணடைந்தது. அந்தப் போரில் அமெரிக்கர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ராஜாவுக்கு விசுவாசமா இருந்து, பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து சண்டை போட்டவங்களும் நிறைய பேர். அவங்களுக்கு லாயலிஸ்ட்னு பேர். தோத்ததும் சொந்த ஊர்ல இருக்க முடியல. சுமார் 60,000 பேர் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். அதில் பெரும்பகுதி இன்றைய கனடா பக்கம் போனது.

விசுவாசத்துக்குக் கூலி நிலம். அதையும் பதவி வாரியா அளந்து கொடுத்தாங்க. உயர் அதிகாரிக்கு 1000 ஏக்கர், கேப்டனுக்கு 700, அதுக்குக் கீழே 500, சாதாரண சிப்பாய்க்கு 100. துப்பாக்கி பிடிச்ச கை ஏர் பிடிச்சது. "காலி நிலம்"னு சொல்லித்தான் கொடுத்தாங்க. அங்கே ஏற்கனவே வாழ்ந்த பழங்குடிகளைக் கணக்கில் வைக்கவில்லை என்பது தனிக் கதை.

இந்த லாயலிஸ்ட் படைப்பிரிவுகளில் ஒன்றை நடத்தியவர் ஜான் சிம்கோ. யார்க்டவுனில் கார்ன்வாலிஸோடு சேர்ந்து சரணடைந்தவர். பிறகு மேல் கனடாவின் முதல் லெப்டினன்ட் கவர்னர் ஆகி, 1792-ல் அங்கே போய்ச் சேர்ந்து, மாகாணத்தை 19 கவுண்டிகளாகப் பிரித்து, வந்தவங்களைக் குடியேற்றினார்.

அதே 1792. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் இப்போ இந்தியாவின் கவர்னர் ஜெனரல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை முற்றுகையிட்டு, பாதி ராஜ்யத்தை எழுதி வாங்கிட்டார். ரெண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினாரே திப்பு, அந்த ஒப்பந்தம்தான். அதில் கம்பெனி கைக்கு வந்தவற்றில் ஒன்று பாராமகாலும் சேலமும். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல் எல்லாம் சேர்ந்த நிலப்பரப்பு. (தர்மபுரி 1965-ல் பிரிஞ்சது, நாமக்கல் 1997-ல.)

கனடாவில் செய்த மாதிரி இங்கே ராணுவ அதிகாரிக்கு ஏக்கர் கணக்கா எழுதித் தர முடியாது. ஏன்னா நம்ம ஊர்ல ஒவ்வொரு காட்டுக்கும் ஆள் இருந்தாங்க. கிணறு வெட்டி, ஏரிக்கரை கட்டி, தலைமுறை தலைமுறையா உழுதவங்க. அதனால இங்கே அதிகாரிக்குக் கிடைச்சது நிலம் இல்லை, அந்த நிலத்தில் எவ்வளவு வரி எடுக்கலாம்னு முடிவு பண்ற வேலை. ரெண்டுக்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே சொல்தான்: குடியேறினாலும் செட்டில்மென்ட், வரி நிர்ணயம் பண்ணினாலும் செட்டில்மென்ட்.

இந்த வேலைக்கு கார்ன்வாலிஸ் சிவில் அதிகாரிகளை அனுப்பல. மெட்ராஸ் சிவிலியன்களுக்கு உள்ளூர் மொழி தெரியாது, நம்பவும் முடியாதுன்னு அவருக்கு நினைப்பு. போரில் உளவுப் பிரிவை நடத்திய கேப்டன் அலெக்சாண்டர் ரீடைக் கூப்பிட்டார். சேலம் மாவட்டத்தின் முதல் கலெக்டர் அவர்தான். கூட மூணு ராணுவ உதவியாளர்கள். வடக்கே கிரஹாம், தெற்கே தாலாகாட் என்ற சேலம், நாமக்கல், திருச்செங்கோடு சமவெளிக்கு மெக்லியாட், நடுவே தர்மபுரிக்கு 31 வயசு லெப்டினன்ட் தாமஸ் மன்றோ.

மன்றோவின் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா புகையிலை வியாபாரி. சரக்கு முழுக்க அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்து. அங்கே புரட்சி வெடிச்சதும் வியாபாரம் மூழ்கிப் போச்சு. குடும்பம் நொடிச்சதால்தான் பையன் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் மெட்ராஸில் வந்து இறங்கினான். அமெரிக்கா அமைதியா இருந்திருந்தா கிளாஸ்கோவில் புகையிலைக் கணக்கு எழுதிக்கிட்டு இருந்திருப்பார்.

இன்னொண்ணு. சின்ன வயசுல வந்த தட்டம்மையால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கடைசி வரைக்கும். தட்டம்மை "சும்மா அம்மை, வந்துட்டுப் போயிடும்"னு இன்னைக்கும் சொல்றவங்க இருக்காங்க. நடுக்காதில் சீழ் பிடிச்சு செவித்திறன் போறது அதன் தெரிஞ்ச பின்விளைவு. குழந்தைக்கு 9 மாசத்துலயும் ஒன்றரை வயசுலயும் எம்ஆர் ஊசி போட்டாச்சான்னு அட்டையை ஒருதடவை பாத்துடுங்க. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஏழு வருஷம், 1792 முதல் 1799 வரை, மன்றோ தர்மபுரி வட்டாரத்தில் குதிரையில் சுத்தினார். கூடாரத்தில் தங்கினார். நஞ்சை எது, புஞ்சை எது, தோட்டம் எது, எந்தக் கிணத்துல தண்ணி நிக்கும்னு குடியானவரிடமே கேட்டு எழுதினாங்க. ரீட் முதலில் ஐந்து வருஷக் குத்தகை மாதிரி யோசித்தவர். போகப் போக மாறினார். 1796 டிசம்பர் 10-ல் அவர் போட்ட அறிவிப்புதான் முக்கியம்: நிலம் ஒவ்வொன்றுக்கும் வரி நிர்ணயம், குடியானவர் தன்னால் முடிஞ்ச நிலத்தை வெச்சுக்கலாம், முடியாததை வருஷக் கடைசியில் விட்டுடலாம். நடுவில் ஜமீன்தார் கிடையாது. குடியானவருக்கும் சர்க்காருக்கும் நேரடிக் கணக்கு. ரயத்துவாரி முறை என்று பாடப்புத்தகத்தில் ரெண்டு மார்க்குக்குப் படிச்சோமே, அது முளைச்ச மண் இதுதான். வருஷா வருஷம் யார் எந்த நிலத்தை வெச்சிருக்காங்கன்னு கணக்கு முடிக்கணுமே, அதுதான் ஜமாபந்தி. சொல் பாரசீகம், அதைவிடப் பழசு. ஆனா இந்த மாகாணத்தில் அது ஆண்டுச் சடங்காக நிலைச்சது ரயத்துவாரியால்.

மன்றோ தர்மபுரியில் ஒரு தோட்டம் போட்டிருந்தார். 1799-ல் மாற்றல் ஆனபோது அதை விட்டுப் போக மனசில்லைன்னு சகோதரிக்குக் கடிதம் எழுதினார். குடியேறியவர்னு அவரைச் சொல்ல முடிஞ்சா, அந்தத் தோட்டத்தளவுதான்.

இப்போ சிலர் "வெள்ளைக்காரன் விவசாயிக்குப் பட்டா கொடுத்தான்"னு ஆரம்பிப்பாங்க. பொறுங்க. நடுவில் இருந்த ஆளை எடுத்தாங்க, சுமையை எடுக்கல. மன்றோவே 1807-ல், ராயலசீமைப் பக்கம் ஏழு வருஷம் வேலை பார்த்து முடிச்சுக் கிளம்பும்போது, வரியில் 25% குறைச்சாத்தான் இந்த முறை நிக்கும்னு எழுதினார். மேலிடம் ஒத்துக்கல. சேலத்திலோ ரீட் போனதும் அவர் செஞ்சதைத் தூக்கிப் போட்டு, 1802-க்குப் பிறகு மாவட்டத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டாங்க. நம்ம பக்கம் "மிட்டாதார்"னு கேள்விப்படுறோமே, அது அப்போ வந்தது. வரி கட்ட முடியாம பல மிட்டாக்கள் மறுபடி சர்க்காரிடமே வந்து சேர்ந்தது. மிச்சம் இருந்தவை 1948 சட்டத்தோடதான் போச்சு.

வரி பாக்கி வெச்ச குடியானவருக்கு என்ன நடந்தது? 1855-ல் மெட்ராஸ் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்தது. வரி வசூலுக்காகவே ஆட்களை வதைத்தது அதில் பதிவாகி இருக்கு. ரெண்டு கட்டைக்கு நடுவே விரல்களை வெச்சு நெருக்கும் கிட்டி. கழுத்தைக் காலோடு சேர்த்துக் குனியக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாள். கிட்டியில் விரலுக்கு ரத்த ஓட்டம் நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அதனால அந்தப் பக்கங்களை என்னால வரலாறா மட்டும் படிக்க முடியல. செய்தது பெரும்பாலும் நம்ம ஊர்க் கீழ்மட்ட ஊழியர்கள். ஆனா வசூல் இலக்கு மேலே இருந்து வந்தது.

மன்றோ 1820-ல் மெட்ராஸ் கவர்னர் ஆனார். ரயத்துவாரி மாகாணம் முழுக்கப் பரவியது. ஊருக்குத் திரும்பணும்னு கேட்டும், அடுத்த ஆள் வரத் தாமதம். மனைவி 1826-லேயே உடம்பு சரியில்லாத குழந்தையோடு கப்பல் ஏறிட்டாங்க. இவர் பழைய ராயலசீமையை ஒருதடவை பாத்துட்டு வரலாம்னு போனார். வழியில் காலரா. கூட வந்த சிப்பாய்கள் முதலில் விழுந்தாங்க. 1827 ஜூலை 6-ல், இன்றைய கர்னூல் மாவட்டத்துப் பத்திகொண்டாவில், காலையில் பேதி ஆரம்பித்து இரவுக்குள் மன்றோ இறந்தார்.

அன்றைய வைத்தியம் பாதரச உப்பு, அபின் சாறு, ரத்தம் வடித்தல். ஏற்கனவே தண்ணி வத்திப்போன உடம்பில் ரத்தத்தையும் எடுப்பது! ஐந்தே வருஷம் கழித்து, 1832-ல், அவரோட ஸ்காட்லாந்திலேயே தாமஸ் லட்டா என்ற டாக்டர் காலரா நோயாளிக்கு நரம்பு வழியா உப்புநீர் ஏற்றிக் காட்டினார். அது ஊருக்கு ஊர் வழக்கமாக இன்னும் ரொம்ப காலம் ஆச்சு. இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா தர்ற ஓஆர்எஸ் பொட்டலமும் ரெண்டு பாட்டில் ரிங்கர் லாக்டேட்டும் இருந்திருந்தா, மன்றோவும் அந்தப் பேர் தெரியாத சிப்பாய்களும் எழுந்து நடந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

சிம்கோ? அவரை 1806-ல் இந்தியப் படைக்குத் தலைமைத் தளபதியா நியமிச்சாங்க. கப்பல் ஏறும் முன்னாடியே நோய்வாய்ப்பட்டு, அந்த அக்டோபரில் இங்கிலாந்திலேயே இறந்துட்டார்.

மிட்டாதார்கள் கதையை இன்னொரு நாள் தனித் திரியா எழுதுறேன். உங்க ஊர் எந்த மிட்டாவுல இருந்ததுன்னு வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சா கீழே சொல்லுங்க.