வேலை இல்லாத மாதங்களில் டிராக்டர் பேட்டரி பராமரிப்பு

ராசிபுரம், வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டை பகுதிகளில் மானாவாரி அறுவடை முடிந்ததும், கோடை மழை வரும் வரை பல டிராக்டர்கள் கொட்டகையிலேயே நிற்கின்றன. மழை பெய்த மறுநாள் உழவுக்குச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டுமே வரும். பேட்டரியைச் சரிசெய்து வருவதற்குள் நிலத்தின் ஈரம் காய்ந்துவிடும். புதிய பேட்டரி வாங்கவோ பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

சார்ஜ் ஏன் இறங்குகிறது?

பயன்படுத்தாவிட்டாலும் ஈய அமில பேட்டரியில் சார்ஜ் தானாகவே குறையும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே நம் கோடையில் சும்மா நிற்கும் பேட்டரிக்குத்தான் அதிகக் கவனிப்பு தேவை. சார்ஜ் இறங்கிய நிலையில் நீண்ட நாள் கிடந்தால், தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய திறன் திரும்பாது.

நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

• முதலில் மைனஸ் முனையையும், பிறகு பிளஸ் முனையையும் கழற்ற வேண்டும். மாட்டும்போது மைனஸ் முனையைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

• முனைகளில் பூத்திருக்கும் உப்பை, சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து, உலர்ந்தபின் வாசலின் தடவவும். சோடா நீர் பேட்டரிக்குள் போகக்கூடாது.

• முழுமையாகச் சார்ஜ் ஏற்றவும். 80 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால், காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

• மூடி திறக்கும் வகை பேட்டரியில், சார்ஜ் ஏறியபின் குறியீடு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும். சார்ஜுக்கு முன்பே தகடு வெளியே தெரிந்தால், தகடு மூழ்கும் அளவு மட்டும் ஊற்றவும். போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஆசிட் ஊற்றக்கூடாது.

மாதம் ஒருமுறை

மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4க்குக் கீழே இறங்கினால் மீண்டும் சார்ஜ் ஏற்றவும். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்தே அளக்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிவிடுவது நல்லது. ஐந்து நிமிடம் இன்ஜினை ஓட்டி நிறுத்துவது போதாது. ஸ்டார்ட் செய்ய இழந்த சார்ஜ்கூட அதில் முழுமையாகத் திரும்பாது.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிகளுக்கு அது பொருந்தாது. தகரக் கொட்டகையின் சூடுதான் கெடுதல். நிழலான, குளிர்ந்த இடமே ஏற்றது.

பேட்டரி ஸ்பிரேயருக்கும் இதே கவனிப்பு தேவை. மருந்தடித்த அன்றே சார்ஜ் ஏற்றி, பயன்படுத்தாத மாதங்களிலும் ஒருமுறை ஏற்றவும். அதிலுள்ள மூடிய பேட்டரியைத் திறக்கவோ, நீர் ஊற்றவோ கூடாது.

பழுதான பேட்டரியை வயலிலோ கிணற்றோரத்திலோ போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படைக்கவும். அதிலுள்ள ஈயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும்.