கொடிகளை ஆசீர்வதித்த காலமும் கார்ல் எர்ட்மானும்

1066 ஒக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் நோர்மன் படை இங்கிலாந்தின் மன்னனை வென்றது. பாப்பரசர் அனுப்பிய கொடி அவர்களிடம் இருந்ததென்று நோர்மன் தரப்பு எழுத்தாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனாலும் சில வருடங்களுக்குள், வென்றவர்களுக்கே திருச்சபை ஒரு தண்டனைப் பட்டியல் போட்டது. கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருடத் தவம். வெட்டுப்பட்டவன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாவிட்டால் ஆளுக்கு 40 நாள். தம் அம்பு எத்தனை பேரில் பட்டதென்று அறியாத வில்லாளிகளுக்கு மூன்று தவக்காலம்.

1095 நவம்பரில், பிரான்சின் கிளேர்மோனில் கூடிய சபையில் பாப்பரசர் இரண்டாம் உர்பான் முதலாவது சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். புகழுக்கோ பணத்துக்கோ அல்லாமல் பக்தியோடு ஜெருசலேமை மீட்கப் புறப்படுபவனுக்கு, அந்தப் பயணமே முழுத் தவமாகக் கொள்ளப்படும் என்று அங்கே தீர்மானித்தார்கள். 30 வருடத்துக்குள் கணக்குத் தலைகீழாகிவிட்டது. கொன்றதற்காகத் தவம் செய்தவன், இப்போது போருக்குப் போவதாலேயே தவத்தை முடிக்கிறான்.

இது எப்படி நடந்தது? இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர் கார்ல் எர்ட்மான். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு வந்து றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிற நாம், மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்தில் நகர நூலகத்தில் இருந்து, அகராதியும் கையுமாக அவரை வாசித்தோம். ஒரு பக்கத்துக்கு ஒரு கிழமை போன நாட்களும் உண்டு.

எர்ட்மான் 1898இல், அன்று ரஷ்யப் பேரரசுக்குள்ளும் இன்று எஸ்தோனியாவிலும் உள்ள டோர்பாட் நகரில் ஒரு யேர்மன் குடும்பத்தில் பிறந்தார். முதலில் இறையியல் படித்தார், பிறகு வரலாற்றுக்கு மாறினார். லிஸ்பனில் வீட்டு ஆசிரியராக வேலை செய்தார். போர்த்துக்கலின் சுவடிச் சாலைகளில் பழைய பாப்பரசர் கடிதங்களைத் தேடித் தொகுத்தார். பிறகு சில வருடங்கள் ரோமில் ஆய்வு. 1935இல் வெளிவந்ததுதான் 'சிலுவைப் போர்ச் சிந்தனையின் தோற்றம்' என்ற அவருடைய பெரிய நூல்.

அதில் அவர் சண்டைக் களங்களை விடச் சொற்களையும் சடங்குகளையுமே அதிகம் துருவுகிறார். வாளையும் கொடியையும் ஆசீர்வதிக்கும் செபங்கள் எப்போது எழுதப்பட்டன, எந்தப் புனிதர் எப்போது படைவீரராக வணங்கப்பட்டார் என்று பார்க்கிறார். 'கிறிஸ்துவின் போர்' என்பது முன்பு துறவிகள் செபத்தால் பாவத்தோடு செய்த போர். ஏழாம் கிரகோரியின் காலத்தில் (1073–1085) 'புனித பேதுருவின் வீரர்' என்றால் உண்மையான வாள் தூக்கியவர்கள். அதற்கும் முன்பு, 1053இல், ஒன்பதாம் லியோ பாப்பரசர் தானே படை கூட்டிக்கொண்டு தென் இத்தாலியில் நோர்மன்களிடம் தோற்றார். தன் பக்கத்தில் செத்தவர்களை அவர் வேதசாட்சிகளாகக் கொண்டாடினார். செத்தவனுக்கு எந்தப் பெயரைச் சூட்டுகிறோம் என்பது சின்ன விடயமல்ல. சுவர்களில் ஒட்டிய அஞ்சலி நோட்டீசுகளில் எழுத்துக் கூட்டி வாசித்து வளர்ந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. கிழக்குக் கிறிஸ்தவர்களுக்கு உதவுவதே உர்பானின் முதல் நோக்கம், ஜெருசலேம் நடந்து போய்ச் சேரும் இலக்கு மட்டுமே என்றார் எர்ட்மான். பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. ஏழை யாத்திரிகனின் ஜெருசலேம் ஆசையை அவர் குறைத்து மதித்துவிட்டார் என்றே எமக்கும் படுகிறது. மேலே இருப்பவர்களின் கடிதங்களையே வாசித்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும்.

அந்த நூல் வந்தபோது ஹிட்லரின் ஆட்சிக்கு இரண்டு வயது. சாக்சன்களைக் கொன்றவன் என்று நாசிகள் சார்லமேன் மன்னனை இகழ்ந்தார்கள். அதற்கு மறுப்பாக எட்டு வரலாற்றாசிரியர்கள் அதே 1935இல் வெளியிட்ட தொகுப்பில் எர்ட்மானும் எழுதினார். மன்னன் முதலாம் ஹென்றியின் எலும்புகளைக் குவெட்லின்பேர்க்கில் கண்டெடுத்துவிட்டதாக ஹிம்லரின் ஆட்கள் 1937இல் பெரிய சடங்கே நடத்தினார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1941இல் எர்ட்மான் அந்தக் கல்லறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கோஷம் எதுவும் இல்லை. ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அந்தக் கண்டுபிடிப்பு நிற்காது என்று காட்டினார். ஹிம்லர் உயிரோடும் அதிகாரத்தோடும் இருந்த காலம் அது.

அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவேயில்லை. பேர்லினில் மத்தியகால மூலங்களைப் பதிப்பிக்கும் நிறுவனத்தில் வேலை செய்தார். நான்காம் ஹென்றியின் கடிதங்களை 1937இல் பதிப்பித்தார். 1943இல் அவரைப் படைக்குப் பிடித்தார்கள். போர் எப்படிப் புனிதமாக்கப்பட்டது என்று எழுதியவர், தான் வெறுத்த ஆட்சியின் சீருடையோடு மொழிபெயர்ப்பாளராகப் பால்கன் நாடுகளுக்கு அனுப்பப்பட்டார். 1945 மார்ச்சில் சாக்ரெப் பக்கத்தில் ரைபஸ் காய்ச்சலில் இறந்தார். போர் முடிய இரண்டு மாதம் இருந்தது. வயது 46.

முடிக்காமல் விட்டுப்போன அவருடைய ஆய்வுகளை நண்பர்கள் 1951இல் பேர்லினில் நூலாக்கினார்கள். சிலுவைப் போர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1977இல்தான் வந்தது.