சிங்கம் அஞ்சாத வாகனம்

வனவிலங்குப் புகைப்படம் ஒன்றைக் காண்போர் அதை எடுத்தவரின் பெயரைக் கேட்பர். ஆர்வம் மிகுந்தோர் கமராவின் பெயரையும் கேட்பர். அந்தக் கலைஞரையும் கமராவையும் ஆளரவமற்ற வெளிக்குக் கொண்டுசென்று, பல நாட்கள் அங்கே தங்கவைத்து, எடுத்த படங்களோடு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த வாகனத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. கேட்பின் சுவையான வரலாறு ஒன்று கிடைக்கும். சுமை காவும் வண்டியாகக் காட்டுக்குள் நுழைந்த மோட்டார் கார், படப்பிடிப்பாளரின் மறைவிடமாக மாறிய வரலாறு அது. அதே மறைவிடம் வேட்டைக்காரனுக்கும் பயன்பட்டது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

மோட்டாருக்கு முந்திய காலத்தில் இந்தச் சுமையைக் காவியவை மனிதத் தலைகள். ஜேர்மனியரான சி. ஜி. ஷில்லிங்ஸ், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஆபிரிக்காவில் ஒளிப்பொடியைக் கொளுத்தி இரவு விலங்குகளைப் படம் பிடித்தார். 1905 இல் அவரது நூல் வெளிவந்தபோது ஐரோப்பியர் வியந்து பார்த்தனர். அவர் பயன்படுத்தியவை கண்ணாடித் தகடுகள். அவற்றையும் இரசாயனப் போத்தல்களையும் கூடாரங்களையும் சுமப்பதற்கு நூற்றுக்கும் அதிகமான ஆபிரிக்கர் அவரோடு நடந்தனர். செற்சி ஈ மாட்டையும் குதிரையையும் கொன்றுவிடும் நிலங்களில் வேறு வழியிருக்கவில்லை. ஒருவருக்கு ஏறத்தாழ 60 இறாத்தல் சுமை என்பது அக்கால வழக்கு. சுமப்பவருக்கான உணவைச் சுமக்க வேறு ஆட்கள் வேண்டும். அவர்களுக்கான உணவைச் சுமக்க மேலும் சிலர் வேண்டும். படங்களில் ஷில்லிங்ஸின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

இந்தக் கணக்கை மாற்ற முயன்றவர்களுள் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஜோன்சனும் அவரது மனைவி ஓசாவும். மார்ட்டின், எழுத்தாளர் ஜக் லண்டனின் 'ஸ்நார்க்' படகில் 1907 இல் பசிபிக் கடலில் பயணித்தவர். 1921 இல் முதற்தடவையாகக் கிழக்கு ஆபிரிக்கா சென்ற இத்தம்பதியர், 1924 இல் மீண்டும் அங்கு சென்றபோது, வடகென்யாவின் மார்சபிற் மலையிலுள்ள எரிமலைவாய் ஏரி ஒன்றின் கரையில் நீண்டகாலம் தங்கினர். அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் 'பரடைஸ் ஏரி', அதாவது சொர்க்க ஏரி. கொடாக் நிறுவனத்தின் அதிபர் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் இந்த முயற்சியில் பணம் முதலிட்டார். நியூயோர்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலை ஆதரவு தந்தது. அந்த நூதனசாலையைச் சேர்ந்த கார்ல் ஏக்லி வடிவமைத்த கமராவை அவர்கள் பயன்படுத்தினர். வட்டப் பெட்டி போன்ற அந்தக் கமராவை ஒரே கைப்பிடியால் பக்கவாட்டிலும் மேலுங்கீழுமாகவும் சீராகத் திருப்பலாம். ஓடும் மிருகத்தைத் தொடர்வதற்கென்றே பிறந்த கருவி.

நைரோபியிலிருந்து மார்சபிற்வரை நல்ல பாதை கிடையாது. வரண்ட வெளி, எரிமலைக் கற்கள், மழைபெய்தால் பெருக்கெடுக்கும் மணலாறுகள் ஆகியவற்றைக் கடக்க வேண்டும். வில்லிஸ்-நைற் கார்களைக் கொண்டுவந்த ஜோன்சன், அவற்றை மட்டும் நம்பவில்லை. மாட்டு வண்டிகளும் ஒட்டகங்களும் சுமைகாவிகளும் உடன் சென்றனர். மோட்டார் யுகம் ஒரே நாளில் விடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று. காரின் பெற்றோலை ஒட்டகம் காவிச் சென்ற காலம் அது.

வண்டியில் எதை ஏற்றுவது என்பதைத் தீர்மானித்தது படச்சுருள்தான். அக்காலச் சினிமாச் சுருள் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுப் பொருளால் ஆனது. அதன்மேல் பூசப்பட்ட ஜெலற்றின் வெப்பத்தில் இளகும். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே காற்றுப் புகாத தகரப் பெட்டிகள் வேண்டும். பெற்றோல் தகரங்களுக்கு அருகே அவற்றை வைக்க முடியாது. படமெடுத்த சுருளைப் பல மாதங்கள் கழுவாமல் வைத்திருப்பதும் ஆபத்து. எனவே ஏரிக்கரையிலேயே இருட்டறை அமைத்துச் சுருள்களைக் கழுவினர். கழுவும் நீர் சூடாக இருந்தால் படலம் பொங்கி உரியும். கலங்கலாக இருந்தால் மண்துகள் படத்தில் ஒட்டும். குளிர்ந்த மலைக் காற்றும் வற்றாத நீரும் உள்ள இடத்தைத் தேடிப் போனதன் காரணம் அழகுணர்ச்சி மட்டுமல்ல என்பது இதனால் புலனாகும்.

நீரையும் பெற்றோலையும் கொண்டுசெல்லும் வித்தையை உண்மையில் ஒரு விஞ்ஞானமாக்கியவர் படப்பிடிப்பாளர் அல்லர். எகிப்தில் பணியாற்றிய பிரித்தானிய இராணுவ பொறியியல் அதிகாரி ரல்ஃப் பக்னோல்ட் (1896 - 1990) அவர். 1920களின் பிற்பகுதியில் விடுமுறை நாட்களில் நண்பர்களோடு சாதாரண ஃபோர்ட் கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் புகுந்தார். அவரது முதல் வேலை காருக்கு எதையும் பூட்டுவதன்று, கழற்றுவது. மட்காட், பொனற், மேற்கூரை யாவும் போயின. பின்புறத்தில் மரப்பெட்டி போன்ற உடல் பொருத்தப்பட்டது. குறைந்த ஒவ்வொரு இறாத்தலுக்கும் ஈடாக நீரோ பெற்றோலோ ஏற்றலாம் அல்லவா?

பாலைவனத்தில் றேடியேற்றர் கொதித்து நீராவியை இழக்கும். மனிதன் குடிக்கவேண்டிய நீரைக் கார் குடிக்கும். பக்னோல்ட் குழுவினர் றேடியேற்றரின் வாயை இறுக மூடி, அதிலிருந்து ஒரு குழாயைப் பக்கத்தில் கட்டிய தகரத்தினுள் விட்டனர். தகரத்தில் பாதியளவு நீர் இருக்கும். கொதித்து வரும் ஆவி அந்நீரில் பட்டுக் குளிர்ந்து நீராகும். இயந்திரம் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி அந்நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு வாகனத்தினுள் காந்தத் திசைகாட்டி பிழை காட்டுமாதலால், ஊசியின் நிழல் வட்டத் தட்டில் விழும் சூரியத் திசைகாட்டியைப் பொருத்தினர். ரயரின் காற்றைக் குறைத்தால் அது அகன்று மணலில் மிதப்பதுபோற் செல்லும் என்பதை அனுபவத்தில் கண்டனர். சக்கரம் புதைந்தால் அதன் கீழே செருகுவதற்கு, கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கிடைத்த, முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போட்ட உருக்குத் தகடுகளை எடுத்துச் சென்றனர். இன்று பயணச் சாமான் கடைகளில் விற்கும் மணற்தகடுகளின் மூதாதை அதுதான்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களை, காபுரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்த காட்சிகளைக் கண்ட நம்மவருக்கு, பக்னோல்டின் தகர வித்தை பெரிய அதிசயமாகப் படாது. இல்லாமையே சிறந்த பொறியியலாளன்.

அதே பாலைவனத்தில் 1933 இல் ஹங்கேரியரான லஸ்லோ அல்மாஷி, பாறைகளில் நீந்துவோர் போன்ற உருவங்கள் வரையப்பட்ட குகையைக் கண்டார். ஈரமே அற்ற பூமியில் நீச்சற்காரரின் ஓவியம்! அதைப் பதிவுசெய்து உலகுக்குக் காட்டியது காரில் சென்ற கமரா. கொழும்பில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சி இந்த அல்மாஷியைத்தான் 1992 இல் வெளிவந்த 'த இங்கிலிஷ் பேஷன்ற்' நாவலில் உருமாற்றி உலவவிட்டார்.

மீண்டும் ஆபிரிக்காவுக்கு வருவோம். 1920களின் இறுதியில் தங்கனீக்காவின் செரெங்கெட்டிச் சமவெளிக்குள் கார்கள் புகுந்தபோது ஒரு புதுமை தெரியவந்தது. கால்நடையாக வரும் மனிதனைக் கண்டு விலகி ஓடும் அல்லது பாய வரும் சிங்கம், காரைக் கண்டு அசையவில்லை. காரும் அதனுள் இருப்போரும் சேர்ந்து அதற்கு ஏதோ ஓர் உருவம். எண்ணெய் மணம் மனித மணத்தை மறைத்தது. உள்ளே இருப்பவர் கீழிறங்கினால் மட்டும் அந்த மயக்கம் கலையும். ஜோன்சன் தம்பதியர் இதைப் பயன்படுத்திச் சிங்கக் கூட்டங்களை மிக அண்மையிலிருந்து படமெடுத்தனர். இலை தழைகளால் கட்டிய மறைவிடத்தினுள் பல நாள் காத்திருந்தும் கிடைக்காத காட்சி, காரினுள் அமர்ந்து கிடைத்தது.

அவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. சிங்கங்களை ஈர்ப்பதற்கு வரிக்குதிரைகளைச் சுட்டு இரையாக இட்டனர். மார்ட்டின் கமராவின் பிடியைச் சுழற்ற, பாய்ந்துவரும் மிருகத்தைச் சுட ஓசா துப்பாக்கியோடு அருகில் நிற்பார். பாய்ச்சலைத் திரையில் காட்டும் பொருட்டு மிருகத்தைச் சீண்டியதும் உண்டு. 1928 இல் வெளியான 'சிம்பா' திரைப்படத்தை இரசித்தோர் இதையெல்லாம் வீரமாகவே கொண்டனர். ஆபிரிக்க மக்களை அவர்களது படங்கள் கேலிப் பொருளாகக் காட்டிய விதமோ இன்று பார்க்கச் சகிக்காதது.

கமராக்காரன் கண்ட அதே உண்மையைத் துப்பாக்கிக்காரனும் கண்டான் என்பதுதான் கொடுமை. அஞ்சாமல் படுத்திருக்கும் சிங்கத்தைக் கார் ஆசனத்தில் சாய்ந்தபடி சுட்டுவிடலாம். ஓடத் தெரிந்தவனும் ஓடத் தெரியாதவனும் ஒரே நாளில் பல சிங்கங்களைச் சாய்த்தனர். இதற்கெதிராகக் குரல் கொடுத்தவர் விலங்குரிமை ஆர்வலர் அல்லர், ஒரு தொழில்முறை வேட்டை வழிகாட்டி. பெயர் டெனிஸ் ஃபின்ச் ஹற்றன். 1929 இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் காரிலிருந்து நடத்தப்படும் இந்தப் படுகொலையைக் கண்டித்து எழுதினார். அவர் வழிகாட்டிச் சென்றவர்களுள் ஒருவர் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் முடிதுறந்த எட்டாம் எட்வேர்ட். 1930 ஆம் ஆண்டுப் பயணத்தில் இளவரசர் சினிமாக் கமராவில் கூடிய நாட்டங் கொண்டார். அரச குடும்பத்தவர் கையில் கமரா ஏறியது சில பிரபுக்களின் மனத்தையாவது மாற்றியிருக்கும். ஃபின்ச் ஹற்றன் 1931 இல் விமான விபத்தில் மாண்டார். செரெங்கெட்டி 1951 இல் தேசிய பூங்காவானது. பத்திரிகைக் கடிதங்கள் பயனற்றவை என்று சொல்லும் என் சக தொழிலாளருக்கு இந்தச் சம்பவத்தை நான் நினைவூட்டுவதுண்டு.

இரண்டாம் உலகப்போர் வாகனத்தை மாற்றியது. நான்கு சக்கரமும் உந்தும் ஜீப் வண்டி 6 இலட்சத்துக்கும் மேலாக உற்பத்தியானது. போர் முடிந்ததும் எஞ்சியவை உலகெங்கும் மலிவாக விலைப்பட்டன. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் அறிமுகமாயிற்று. பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடலை அலுமினியக் கலவையால் செய்தனர். துருப்பிடிக்காத உடல் தற்செயலாகக் கிடைத்தது. ஜேர்மன் இராணுவம் 1930களில் வடிவமைத்த 20 லீற்றர் தகரக் கலனும் போரின் கொடைதான். பிரித்தானியரின் மெல்லிய பெற்றோல் தகரங்கள் பாதி வழியிலேயே ஒழுகிவிடுபவை. எதிரியின் கலனைக் கைப்பற்றிப் பார்த்து அதைப்போலவே செய்துகொண்டனர்.

1955 செப்டெம்பரில் ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரு லாண்ட் றோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டனர். தொலைக்காட்சித் தயாரிப்பாளராக இருந்த இளம் டேவிட் அற்றன்பறோ அவர்களுக்குப் படச்சுருள் கொடுத்து உதவினார். படமெடுத்தவர் அன்ரனி பறிங்ரன் பிறவுண். 1953 இல் வற்சனும் கிறிக்கும் டி.என்.ஏ. மாதிரியுருவின் அருகே நிற்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் இவரே. 1956 மார்ச்சில் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தனர்.

இப்பயணங்கள் கற்றுத்தந்த ஏற்பாடுகள் இன்றும் பெரிதாக மாறவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என வைத்தால், இருவருக்கு ஒரு வாரத்துக்கு 70 லீற்றர், அதாவது 70 கிலோ. நீரும் பெற்றோலுமாகிய பாரங்கள் தாழ்வாக, இரு அச்சுகளுக்கிடையே இருக்கவேண்டும். கூரைமேல் ஏற்றினால் சரிவில் வண்டி புரளும். கூரைக்குப் படுக்கை, கூடாரம் போன்ற இலேசானவையே உரியன. கமரா எட்டும் கையருகே, தூசு புகாத பெட்டியில், அதிர்வு தாங்கும் மெத்தைக்குள் இருக்கும். படச்சுருளுக்காகச் சுமந்த தகரப்பெட்டிகளின் இடத்தை இன்று குளிர்பெட்டியும் இரண்டாவது பற்றரியும் பிடித்துக்கொண்டன. யன்னல் விளிம்பில் அவரை நிரப்பிய துணிப்பை ஒன்றை இட்டு அதன்மேல் நீண்ட வில்லையைச் சாய்ப்பர். எத்தனை விலையுயர்ந்த முக்காலியும் வாகனத்தினுள் அதற்கு ஈடாகாது. முக்கியமானது இயந்திரத்தை நிறுத்துவது. ஓடும் இயந்திரத்தின் அதிர்வு நீண்ட வில்லையில் படத்தைக் கலைத்துவிடும். செரெங்கெட்டியில் பல தசாப்தங்கள் கூடார வாழ்வு நடத்திய ஹியூகோ வான் லாவிக் (1937 - 2002) இவ்வாறு வாகனத்தில் அமர்ந்து காத்திருந்தே காட்டுநாய்களையும் கழுதைப்புலிகளையும் படம்பிடித்தார். மணிக்கணக்கில் அசையாது நிற்கும் வண்டியை அவை நிலத்தின் பகுதியாகவே கொண்டன.

எமது தீவில் யாலவும் வில்பத்துவும் 1938 இல் தேசிய பூங்காக்களாயின. பார்வையாளர் வாகனத்தைவிட்டு இறங்கலாகாது என்ற விதி இங்கும் உண்டு. சிறுத்தை வண்டியை அஞ்சாமைக்கு அந்த விதியும் ஒரு காரணம். ஆனால் யாலவில் நடப்பது வேறு. ஒரு சாரதி கைத்தொலைபேசியில் சொல்ல, சில நிமிடங்களில் ஜீப்புகள் வரிசையாக வந்து மொய்க்கின்றன. மறைவிடமாக இருந்தது வேலியாகிவிடுகிறது. சிறுத்தை தண்ணீருக்குச் செல்ல வழியில்லாமல் புதருக்குள் திரும்புவதைப் படமெடுத்துக்கொண்டு மக்கள் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். துப்பாக்கி இல்லை என்பது உண்மைதான். ஆயினும் ஃபின்ச் ஹற்றன் இருந்திருந்தால் இன்னுமொரு கடிதம் எழுதியிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

போர்க்காலத்தில் நீண்டகாலம் மூடிக்கிடந்து 2010 இல் மீண்டும் திறந்த வில்பத்துவில் நெரிசல் குறைவு. வில்லுகளின் கரையில் ஒரு வண்டி தனித்து நிற்கக்கூடிய இடங்கள் இன்னும் உள்ளன. உள்ளிருக்கும் திணைக்கள விடுதியில் தங்குவோர் உணவையும் குடிநீரையும் தாமே ஏற்றிச் செல்லவேண்டும். ஏனையோரின் வாகனங்கள் மாலை 6 மணிக்குள் வாயிலைக் கடந்துவிட வேண்டும்.